ரெக்கை பிடுங்காத கோழிகள்

இடுப்பு நிமிர மறுத்தது. அதுபிகா மண்வெட்டியின் குட்டைக் காம்பை முழங்காலில் முட்டுக்கொடுத்து, இன்னொரு கையால் முதுகை அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்து எழுந்தான். பாதிதான் எழ முடிந்தது. மீதியை வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

முதல் மழை பெய்து மண் இளகியிருந்தது. ஊரே நிலத்தில் குனிந்து கிடந்தது. மற்ற வீடுகளில் ஆம்பளை குழி போட, பெண்சாதி பின்னாலேயே கம்பு விதையைப் போட்டுக் காலால் மூடிக்கொண்டு போனாள். இங்கே குழி போட்டதும் அவன், விதை போட்டதும் அவன், மூடியதும் அவன். ரெண்டு ஆள் வேலையை ஒரு ஆள் செய்யலாம். இடுப்பு ஒன்றுதான் இருக்கிறது.

லாமிசி ஓடைக்கு அந்தப் பக்கம் அப்பன் வீட்டில் இருந்தாள். அப்பன் கோடையில் செத்தார். புதைத்தாயிற்று, கருமாதி மழைக்கு முன்னால் முடிய வேண்டியது, பணமும் தானியமும் சேராமல் தள்ளித் தள்ளி மழையிலேயே வந்து நின்றது. அழப் போனவள் ரெண்டு பிள்ளைகளோடு அங்கேயே தங்கிவிட்டாள். தங்கினாள் என்று சொல்வது மரியாதைக்கு. கருமாதிக்கு மருமகன் ஆறு கினிக்கோழிகளை உயிரோடு கொண்டுவந்து வைத்தால்தான் மகள் புருஷன் வீடு திரும்பலாம். அந்த வீட்டு முறை அப்படி. மூத்த மருமகன் வைத்துவிட்டுப் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு போயாயிற்று. பாக்கி அதுபிகா.

சந்தையில் வாங்க வழியில்லை. கருமாதிக் காலத்தில் பொல்கா சந்தைக்காரர்கள் கினிக்கோழிக்கு ஆட்டு விலை சொல்வார்கள். அடுத்தவன் கூட்டத்தில் கடன் வாங்கி வைக்கவும் முறையில்லை. வீட்டில் இருந்தவைதான் கதி. போன மழைக்கு ஒரு பெரிய கூட்டமாகப் பொரித்தவை அவை. கினிக்கோழி முட்டை போடுவதில் கெட்டிக்காரி; தாயாக இருக்கத் தெரியாது. குஞ்சுகளைப் பனிப்புல்லில் இழுத்துக்கொண்டு நடக்கும், பின்னால் நனைந்து விறைத்து விழுவதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் முட்டையை நாட்டுக்கோழிக்கு அடைவைத்து, பொரித்த குஞ்சுகளை மழை ராத்திரிகளில் அடுப்போரம் பானைக்குள் வைத்துக் காத்தவள் லாமிசி. கரையான் புற்றை உடைத்து வந்து ஊட்டியவளும் அவள்தான். அப்படியும் குளிரில் பாதி, பருந்துக்குக் கொஞ்சம், சீக்கில் கொஞ்சம். கடைசியில் மிஞ்சியது ஆறு. கேட்டதும் ஆறு.

பொழுது சாயக் காத்திருந்தான். பகலில் கினிக்கோழியைப் பிடிக்க நினைப்பவன் கிறுக்கன். அந்திக்கு அவை வேப்பமரத்தில் ஏறி, ஒரே கிளையில், ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே திசையைப் பார்த்து உட்காரும். இருட்டு விழுந்தால் கண் தெரியாது. அப்போது ஏறிக் காலைப் பிடிக்கவேண்டும். அடுத்த வீட்டு அகன்சோபா கீழே கூடையோடு நின்றான். சம்பந்தப் பேச்சுக்கு எல்லாம் அவன்தான் அதுபிகாவின் வாய்.

"பாத்து ஏறு. நீ விழுந்தா மாமனார் கருமாதியோட உன்னோடதையும் சேத்து முடிச்சிடலாம், செலவு மிச்சம்."

"வாயை மூடிட்டுக் கூடையைப் பிடிடா."

"ஒரு பக்கத்து ரெக்கையைப் பிடுங்கிடட்டா? பறக்காது."

"பிடுங்கினா எடுத்துக்க மாட்டாங்க. முழு ரெக்கையா இருக்கணும்."

"ஆமால்ல. செத்தவரு பறந்து போகணுமே. நடந்து போனா என்னவாம், இருந்தவரைக்கும் நடந்துதானே போனாரு?"

அதுபிகாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பில் குத்தியது. ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்து இறக்கினான்.

மறுநாள் பின்னேரம் அகன்சோபாவின் சைக்கிளில் கூடையைக் கட்டி, ஓடைக்குள் இறங்கி ஏறி, ரெண்டு பேரும் தள்ளிக்கொண்டே போனார்கள். தூரம் ஒன்றும் பெரிதில்லை. அந்த ஊர் முரசு இந்த ஊர்க் கூரையில் கேட்கும்.

வாசல் நிறையச் சனம். அதுபிகா மருமகன் உட்காரும் முறையில் தரையில் குந்தி, தலையைத் தாழ்த்திக்கொண்டான். கருமாதி வாசலில் மருமகன் வாயைத் திறக்கக்கூடாது. அகன்சோபாதான் பேசினான். லாமிசி ஒரு சுரைக்குடுவையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கைக்குழந்தை முதுகில் தூங்கியது. குனிந்தபோது உதடு அசையாமல் கேட்டாள். அவனும் தலை நிமிராமல் வாய்க்குள்ளேயே சொன்னான்.

"விதைச்சியா?"

"பாதி."

"மீதி?"

"நீ வரணும்."

போய்விட்டாள். மெலிந்திருந்தாள். நூறு வாய்க்குக் களி கிண்டுகிறவளுக்குத் தான் தின்ன நேரம் இருக்காது.

அவள் அண்ணன் அடோம்பிலா கோழிகளைத் தூக்கி ரெக்கையை விரித்து விரித்துப் பார்த்தான். தூக்கமில்லாமல் அவன் கண்கள் ரெண்டும் சிவந்து வீங்கியிருந்தன. அப்பன் போனதிலிருந்து அந்த வீட்டில் சாப்பிட வந்தவர்களுக்கெல்லாம் அவன்தான் பதில் சொல்கிறான்.

"இதுல பெட்டை எத்தனை?"

"கத்தினாத்தான் தெரியும்" என்றான் அகன்சோபா.

"கத்தச் சொல்லு."

"பொண்ணு எடுத்த வீடு, மச்சான். சத்தம் போடக் கூச்சப்படுது."

வாசல் சிரித்தது. அடோம்பிலாவும் மூக்கு வழியாகச் சிரித்தான். கோழிகள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. காலையில் முதல் காரியம் அவற்றை அறுப்பது. அதுவரை எங்கே வைப்பது என்று பார்த்தால், ஒவ்வொரு அறையிலும் சொந்தக்காரர்கள் கிடந்தார்கள். காலியாக இருந்தது செத்தவரின் அறை ஒன்றுதான்.

"அங்க வைங்க" என்றான் அடோம்பிலா.

மூலையில் உட்கார்ந்திருந்த சித்தப்பன்காரர் குரல் கொடுத்தார். "கால்கட்டோட ஒண்ணும் அந்த அறைக்குள்ள போகக்கூடாது. அவன் காலைக் கட்டி எடுத்தோம், அவிழ்த்துத்தான் புதைச்சோம்."

அவர் சொன்னது சரி. அதுபிகா கோழிகளின் காலை அவிழ்த்து உள்ளே விட்டான். அடோம்பிலா தகரக்கதவைச் சாத்தி, ஒரு கல்லை உருட்டி வைத்தான்.

அங்கேதான் தப்பு நடந்தது. செத்தவர் அறைக் கதவைக் கருமாதி முடியும்வரை சாத்தக்கூடாது. அவர் வந்து போக வழி வேண்டும். இது அந்த வாசலில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அதுபிகாவுக்கும் தெரியும். ஆனால் அவன் வாய் பூட்டிய மருமகன். அகன்சோபாவின் விலாவில் இடித்தான். அகன்சோபா கதவைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான், அடோம்பிலாவின் கண்ணைப் பார்த்தான்.

"விடுடா. ஒரு ராத்திரிதானே. அந்த ஆளு நின்னுக்கிட்டே தூங்குறான்" என்று முணுமுணுத்தான்.

எல்லோருக்கும் அசதி. அசந்தவன் கண்ணுக்குச் சாத்திய கதவு நல்ல கதவு.

ராத்திரியே ரெண்டு பேரும் ஊர் திரும்பிவிட்டார்கள். விடியும்போது தன் வீட்டில் படுத்திருந்த அதுபிகாவை எழுப்பியது அந்தச் சத்தம்தான். க்கா-வேய், க்கா-வேய், க்கா-வேய். ரெண்டசைச் சத்தம் பெட்டை. நடுவே ஒற்றையசையில் அடித்தொண்டையில் கரைவது சேவல். கனவு என்று புரண்டான். இடுப்பு புரளவிடவில்லை. அப்படியே தவழ்ந்து வாசலுக்கு வந்து பார்த்தான். வேப்பமரத்தில், அதே கிளையில், அதே திசையைப் பார்த்து ஆறும் உட்கார்ந்திருந்தன. இவன் தலையைக் கண்டதும் நெடுநாள் கழித்து வந்த விருந்தாளிகள் மாதிரி எல்லாம் சேர்ந்து கத்தின.

கத்திவிட்டு இறங்கின. நேராக விதைத்த நிலத்துக்குப் போயின. நேற்றும் முந்தாநாளும் அவன் குனிந்து போட்ட குழிகளை, போட்ட வரிசையிலேயே, ஒவ்வொன்றாக அலகால் கிளறிக்கொண்டு நடந்தன.

மண்கட்டியை எடுத்து எறிந்தான். நகர்ந்து அடுத்த வரிசைக்குப் போயின.

அகன்சோபா கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி ஓடிவந்தான். உள்ளே அடோம்பிலா குரல் கேட்டது. அவன் குரலுக்குப் பின்னால் ஒரு பொம்பளை கத்துவது அதைவிட நன்றாகக் கேட்டது.

"எங்கண்ணன் அறையை மூடி வச்ச நாய் எவன்டா? அவன் வெளிய நின்னு கதவைத் தட்டணுமாடா?"

"கேக்குதா?" என்றான் அடோம்பிலா. "டிபோகா அத்தை. கிழக்கு வெளுக்கையிலேயே அழுதுக்கிட்டே வந்தாங்க. கதவைப் பாத்தாங்க, அழுகையை நிறுத்தினாங்க, கல்லை ஒரே தள்ளு. கோழிங்க அவங்க தலைமேல மிதிச்சுக்கிட்டுப் பறந்துச்சு. மச்சான்கிட்ட கேளு, அங்க வந்துச்சா?"

அகன்சோபா கைபேசியை வயிற்றில் அழுத்தி மூடிக்கொண்டான்.

"என்ன சொல்லட்டும்? வரலைன்னு சொல்லிடறேன். நாம கொடுத்தாச்சு. எண்ணிப் பாத்து வாங்கினாங்க. விட்டது அவங்க. போய்ப் படு நீ. உன் மூஞ்சியைப் பாத்தா செத்தவரு நீயோன்னு இருக்கு."

அதுபிகா நிலத்தைப் பார்த்தான். படுக்கத்தான் ஆசை. அகன்சோபா சொன்னதில் நியாயமும் இருந்தது. ஆனால் கினிக்கோழியை வைத்துக்கொண்டு எவனும் பொய் சொல்ல முடியாது. யார் வந்தாலும் கத்தும், பாம்பு வந்தாலும் கத்தும், ஒன்றும் வராவிட்டாலும் கத்தும். இந்த நிமிஷம் கைபேசிக்குள்ளேயே கேட்டிருக்கும். அது போகட்டும். அப்பன் கருமாதிக்குப் புருஷன் கோழி வந்து சேரவில்லை என்ற பேச்சு யார் தலையில் விழும்? அடோம்பிலா தலையிலா? சாகும்வரைக்கும் லாமிசி தலையில்.

"வந்திருக்குன்னு சொல்லு."

சொன்னான். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"வெயில் உச்சிக்கு வர்றதுக்குள்ள கொண்டு வரச் சொல்லு. அதுக்கப்புறம் வந்தா அது குழம்புக்குத்தான், அப்பனுக்கு இல்ல. லாமிசியும் இங்கதான். நான் என்ன செய்ய? முறையை நானா வச்சேன்?"

பகலில் துரத்திப் பயனில்லை. கினிக்கோழி பறப்பதற்கு முன்னால் ஓடும். அது ஓடினால் நாய் நாக்கைத் தொங்கப்போடும். தீனி போட்டுத்தான் உள்ளே இழுக்கவேண்டும். வீட்டில் தீனியாக இருந்தது ஒன்றே ஒன்று. லாமிசி போன அறுப்பில் கதிர் கதிராகப் பொறுக்கி, சாம்பல் கலந்து சுரைக்குடுக்கையில் அடைத்துத் தொங்கவிட்டிருந்த விதைக் கம்பு. பாதி விதைத்தாயிற்று. மீதிப் பாதி.

அதுபிகா குடுக்கையை இறக்கினான். கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு வாசலிலிருந்து அவள் அறை வாயில்வரை கோடு மாதிரித் தூவி, மீதியை உள்ளே தரையில் கொட்டினான். அந்த வாயில் இடுப்புயரம்தான். அவன் குனிந்து உள்ளே போனது ஒரு பாடு, வெளியே வந்தது வேறு பாடு.

சுவரோரம் பாயோடு பதுங்கிய அகன்சோபா அவ்வளவு நேரமும் பேசவில்லை. அவன் பேசாமலிருந்தது அன்றைக்கு அந்த ஒரு தடவைதான்.

பெரிய சேவல் முதலில் வந்தது. தலையைச் சாய்த்து ஒரு மணி, நிமிர்ந்து ஒரு பார்வை, மறுபடி ஒரு மணி. அது நுழைந்தால் மற்றது நுழையும். கினிக்கோழிக்குத் தனிப் புத்தி கிடையாது. வரிசையாக உள்ளே போயின. அகன்சோபா பாயை இழுத்து வாயிலை அடைத்தான். உள்ளே பானைகள் உருண்டன.

கையில் கீறலோடு பிடித்து எண்ணினால் ஐந்து.

"இன்னொண்ணு?"

"ஒரு பெட்டை. நிலத்துப் பக்கமா ஒதுங்கிச்சு, பாத்தேன்."

தனிப் புத்தி இல்லாத பறவை தனியாக ஒதுங்கினால் அதற்கு ஒரே காரணம்தான். அதுபிகா வரப்போரமாகப் பார்த்துப் பார்த்துப் போனான். பாழான புற்றுக்குப் பக்கத்தில், மழைக்குத் துளிர்த்த புல்லுக்குள், அது தரையோடு தரையாகக் கிடந்தது. சாம்பல் உடம்பில் வெள்ளைப்புள்ளி. புல்லில் விழுந்த வெயில்தான் என்று தாண்டிப் போயிருப்பான். வயிற்றுக்கடியில் முட்டைகள் தெரிந்தன, ஆறில் இருந்த மூன்று பெட்டைகளும் ஒரே கூட்டில் போட்டவை. இவன் ஒன்றையும் அறியவில்லை. எவன் கண்ணிலும் படாத இடத்தில்தான் இவை போடும். கண்ணில் பட்டது தெரிந்தால் கூட்டையே கைவிடும்.

கை நீட்டினால் எட்டும் தூரம். அது அசையவில்லை. ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது.

எடுத்தால் ஆறு. கணக்கு முடிந்தது, லாமிசி வீட்டுக்கு வருவாள். இருக்கிற முட்டையை அகன்சோபா வீட்டு நாட்டுக்கோழிக்கு அடைவைத்தால் நாலு பொரிக்கும், ஒன்று தங்கும். எடுக்காவிட்டால் இது மழை முடியும்வரை போட்டுக்கொண்டே இருக்கும். சேவலுக்கு அகன்சோபாவின் கூட்டம் இருக்கிறது. அடுத்த வருஷம் வேப்பமரத்துக் கிளை நிறையும். ஆனால் ஐந்தைக் கொண்டுபோய் என்ன சொல்வது? ஐந்துக்குப் பெண்சாதியை விடுவார்களா?

முரசு ஓடைக்கு அப்பால் தொடங்கிவிட்டது. நிழல் காலடிக்குச் சுருங்கிக்கொண்டிருந்தது.

கையை இழுத்துக்கொண்டான். வந்த காலடியிலேயே பின்னால் நடந்து வரப்பேறினான்.

"எங்கடா பெட்டை?" என்றான் அகன்சோபா.

"முட்டையில இருக்கு."

அகன்சோபா கூடையின் வாயை இழுத்துக் கட்டினான். "போச்சு. இதை நான் எந்த வாயால சொல்றது?"

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். அடோம்பிலா கூடைக்குள் கையை விட்டு எண்ணினான். மறுபடி எண்ணினான். முரசுக்காரன் கையை நிறுத்தினான்.

"அஞ்சு."

அகன்சோபா அதுபிகாவின் பக்கம் திரும்பினான். குந்தியிருந்த அதுபிகா தலையைத் தூக்கினான். மருமகன் பேசக்கூடாது. பேசினான்.

"ஒண்ணு முட்டையில உக்காந்திருக்கு. நான் எடுக்கல."

"எங்கப்பனைவிட உனக்கு முட்டை பெரிசாப் போச்சு?"

அதுபிகா மறுபடி தலையைத் தாழ்த்திக்கொண்டான். பொய்யாக எதையும் சொல்லத் தெம்பும் இல்லை.

டிபோகா அத்தை முன்னால் வந்தாள். தலையில் கோழி மிதித்த கீறல் இன்னும் சிவப்பாக இருந்தது. "முட்டையில இருக்கிற பெட்டையை எடுத்திருந்தான்னா எங்கண்ணன் அதைத் தொட்டிருக்கமாட்டான். அவனே எத்தனை பேரைத் திட்டியிருக்கான். உனக்குத் தெரியாதா?"

"அத்தை, நீ பேசாத. கதவைத் திறந்தது நீ."

"மூடினது நீ."

"ராத்திரி பூராக் கோழியை நான் மடியில வச்சுக்கிட்டு உக்காரணுமா?"

"உக்காந்திருந்தா என்ன? அப்பன்தானே?"

சித்தப்பன்காரர் அண்ணாந்து வெயிலைப் பார்த்தார். "பொழுது போகுது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அப்போது லாமிசி வந்தாள். தலையில் மூட்டை, முதுகில் கைக்குழந்தை, கையில் பெரியவன். யாரும் போகச் சொல்லவில்லை. மூட்டை மட்டும் கட்டியாகிவிட்டது.

"அண்ணே, அஞ்சை அப்பாவுக்குக் கொடு. ஆறாவதைக் கடன்னு வை. காரியம் முடிஞ்சதும் நான் போறேன்."

"கடன் சொல்லிக் கருமாதி பண்ணின வீடு எது?"

"எல்லா வீடும்தான். வெளிய சொல்லமாட்டாங்க." மூட்டையை இறக்காமலே பேசினாள். "நான் வந்ததுல இருந்து உன் அடுப்பை விட்டு எழுந்திருக்கல. குறை சொல்லல, எங்கப்பாவுக்குத்தான் செஞ்சேன். ஆனா அங்க பாதி நிலம் சும்மா கிடக்கு. இந்த வாரம் விதைக்கலைன்னா அறுப்புல ஒண்ணும் இருக்காது. அப்புறம் நாலு பேரும் இந்த வாசல்லதான் களிக்கு வந்து உக்காருவோம். இதோ இவன் திங்கறதைப் பாத்திருக்கல்ல நீ?"

அடோம்பிலா பெரியவனைப் பார்த்தான். பையன் அப்போதும் எதையோ மென்றுகொண்டிருந்தான்.

யாரோ சிரித்தார்கள். அடோம்பிலா சிரிக்கவில்லை. சிவந்த கண்களை ரெண்டு கையாலும் தேய்த்தான். பிறகு கத்தியைக் கேட்டான்.

"அறுப்புக்கு முன்னாடி வரணும். பெட்டையா வரணும். எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?"

கேட்டுக்கொண்டோம் என்றது வாசல்.

பொழுது சாயும்போது ஓடையைக் கடந்தார்கள். அகன்சோபா சைக்கிளில் பெரியவனை வைத்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்விட்டான். லாமிசியின் மூட்டை அதுபிகா தலைக்கு மாறியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு கணக்குக் கேட்டது.

"நாளைக்கு வெள்ளனே ஆரம்பிச்சிடலாம்" என்றாள் லாமிசி. "குடுக்கையில விதை எவ்வளவு இருக்கு?"

அவன் தலைமூட்டையைச் சரிசெய்துகொண்டான்.

"உன்னைத்தான்."

"கோழிக்குப் போட்டேன். உள்ள இழுக்க வேற ஒண்ணும் இல்ல."

நின்றாள். "எல்லாமுமா?"

"எல்லாமும்."

"நான் ஒரு கதிர் ஒரு கதிராப் பொறுக்கினது."

"ம்."

கத்துவாள் என்று நினைத்தான். கத்தினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தான். அவள் குழந்தையைத் தூக்கி முதுகில் ஏற்றிக் கட்டி இறுக்கினாள்.

"அப்போ கருமாதிக்கு வந்தவன் வயித்துலதான் நம்ம நிலம் விளையப்போவுது" என்றாள். "நட. அகன்சோபா பொண்டாட்டிகிட்ட நான் கேக்கறேன். நீ கேட்டா அந்த ஆளு பேசியே கொன்னுடுவான்."

நடந்தார்கள். வீட்டு வாசலில் பெரியவன் சைக்கிளின்மேலேயே தூங்கிப்போயிருந்தான். வேப்பமரத்தில், முட்டை போட்டுவிட்டு அந்திக்கு ஏறிய பெட்டை ஒற்றையாய் உட்கார்ந்து, பக்கத்தில் யாருமில்லாத கிளையில், ரெண்டசையில் கத்திக்கொண்டிருந்தது. லாமிசி அண்ணாந்து ஒரு தடவை பார்த்தாள். அடுப்பு மூட்டப் போனாள்.

அதுபிகா மூட்டையை இறக்கிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். ஐந்து கொடுத்தாயிற்று. அடோம்பிலா வீட்டுக்கு ஒரு பெட்டைக் கினிக்கோழி கடன்.